மணலுக்குப் போட்ட கம்பி

சென்னைத் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என் சாக்கு மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த வளைந்த இரும்புக் குழாய்கள் இரண்டையும் வெளியே இழுத்துப் போட்டார். "இது இன்னா, கட்டில் காலா?" என்று கேட்டார். மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் பூட்டுகிற லெக் கார்டு என்றேன். வண்டி சாய்ந்தால் ஓட்டுகிறவன் கால் அடியில் நசுங்காமல் தாங்கிக்கொள்ளும் கம்பி. "வண்டி எங்கே?" என்றார். செங்கல்பட்டில் என்றேன். "வண்டி செங்கல்பட்டுல, கம்பி மலாயாவுலேர்ந்தா?" என்று பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கட்டும். ஈப்போவில் மோட்டார் சாமான் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எந்த வண்டிக்கு எந்தக் கம்பி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் தொழிலைப் பற்றி யாராவது சிரித்தால் எனக்கு மூக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வந்த கோபம் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கி, சூடாக இரண்டு வடை தின்ற பிறகுதான் இறங்கியது.

வந்த காரியம் இதுதான். என் தங்கை செல்லத்தைச் செங்கல்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஏகாம்பரம் அம்மை குத்துகிற உத்தியோகம். கடலோரத்துக் குப்பங்களுக்கெல்லாம் போய்வர வேண்டும். அதற்காக மிலிட்டரி ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தார். எடுத்த சில மாதத்தில், திருக்கழுக்குன்றம் சாலையில் புருஷனும் பெண்சாதியும் வண்டியோடு விழுந்தார்கள். மணலில் சக்கரம் சறுக்கிவிட்டது என்று எழுதியிருந்தார். செல்லத்துக்குக் கணுக்காலில் ஆழமான காயம்.

காயம் ஆறுகிற சமயத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாமல்லபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பயிற்சி முடித்து எத்தனையோ வருஷம் காத்திருந்த வேலை. முதல் பஸ் மாமல்லபுரம் போய்ச் சேரும்போது பள்ளிக்கூடத்தில் இரண்டு பாடம் முடிந்திருக்கும். ஏகாம்பரம் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார். அவர் பின்னால் உட்கார்ந்து போனால் உண்டு, இல்லையென்றால் வேலை வேறு யாருக்கோ. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஆனால் வீட்டில் அவள் மாமியாரின் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம்: "மலாயாவுலேர்ந்து அண்ணங்காரன் வரான் இல்ல, அவன் வண்டிக்கு இன்னா காபந்து பண்றான்னு பாக்கறேன். அப்பால சொல்றேன்."

ஆக, என் தங்கையின் வேலை என் மூட்டையில் இருந்தது.

வீட்டில் என்னை வரவேற்றது இரண்டு எருமைகள். அவற்றுக்குப் பின்னால் மாமியார். ஐம்பது வயதிருக்கும், கறுத்த, உறுதியான உடம்பு. பால் கறந்த கையைத் துடைத்துக்கொண்டே, "வா தம்பி. கப்பல்ல சோறு போட்டாங்களா, இல்ல ரொட்டியே துன்னுகினு வந்தியா?" என்றார். ரொட்டிதான் என்றேன். "அதான் காஞ்சிப் பூட்டே" என்று சொல்லி, சுடு சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றினார். ஈப்போவிலும் கருவாடு உண்டு. ஆனால் அங்கே அது சாப்பாட்டுக்கு ஓரத்தில் இருக்கும். இங்கே சோறுதான் ஓரத்துக்குப் போய்விட்டது.

செல்லம் இளைத்திருந்தாள். பேச்சு மட்டும் பெருத்திருந்தது. "அண்ணே, குளிக்கத் தண்ணி காஞ்சிகினு கீது" என்றாள். நம் வீட்டுப் பெண்ணா இது என்று பார்த்தேன். "நீயும் 'கீது'ன்னு ஆயிட்டியா?" என்றேன். "எட்டு வருஷமா இங்க கீறேன், வேற எப்படிப் பேசுவேன்?" என்று சிரித்தாள்.

கயிற்றுக் கட்டிலில் எனக்கு விரிப்புப் போட்டது மாமியார். பழைய பச்சைப் புடவையை மடித்துத் தைத்த விரிப்பு. ஒரு மூலையில் கிழிசலை ஒட்டுப் போட்டுத் தைத்து, அதைச் சுற்றிப் போகாத கறுப்புக் கறை. எனக்குத் தெரிந்த கறை மாதிரி இருந்தது. விளக்குக் கரி என்று நினைத்துக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை வண்டியைப் பார்த்தேன். பழைய ராணுவப் பச்சைக்கு மேல் கறுப்பு பெயிண்ட். என்ஜின் சத்தம் தொண்டை கட்டினவர் பாட்டுப் போல இருந்தாலும் நின்றுவிடவில்லை. நான் கொண்டுபோன கம்பிகள் இடமும் வலமும் அளவெடுத்தது போலப் பொருந்தின. கடைசித் திருகை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

"ஃபர்ஸ்ட் கிளாஸா கீது மச்சான்" என்றார் ஏகாம்பரம். உயரமான, கூச்ச சுபாவக்காரர். குழந்தைகளுக்கு ஊசி குத்திக் குத்தி, எதையும் மெல்லச் சொல்லியே பழகிவிட்டார்.

மாமியார் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்கம்பியை அசைத்துப் பார்த்தார். பின்சக்கரத்துப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். "இவ்ளோதானா? மின்னாடி மட்டும்தானா கம்பி?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டிச் சுமந்து வந்திருக்கிறேன், இன்னும் கேட்கிறாரே என்று. "அத்தை, விழுகிற வண்டியை முன்னால தாங்கினா போதும். ஈப்போவில் எல்லா வண்டிக்கும் இதுதான்" என்றேன்.

"அங்க சரி" என்று சொல்லிவிட்டு எருமையிடம் போய்விட்டார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கதவோரம் நின்ற செல்லத்தின் முகம் விழுந்துவிட்டது.

கம்பி வேலை செய்கிறது என்று காட்டினால்தானே அந்த அம்மாள் மசிவார் என்று நானும் ஏகாம்பரமும் சதுரங்கப்பட்டினத்துக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளைக்கு ஒரு தலைக்கவசமும் கொண்டுவந்திருந்தேன். தக்கைக்கு மேல் தோல் தைத்தது. அதை மாட்டிக்கொண்டு அவர் குப்பத்துக்குள் நுழைந்ததும் ஆகாத காரியம் ஆகிவிட்டது. ஊசிக்காரர் என்றாலே ஓடுகிற பிள்ளைகள், தலை பெருத்த ஊசிக்காரரைக் கண்டதும் கடலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். ஒரு கைக்குக்கூட அம்மை குத்த முடியவில்லை. "இத்த கழட்டிடறேன் மச்சான், டூட்டி கெட்டுடும்" என்று சொல்லி அவர் கழற்றி மாட்டினார்.

எங்கே மாட்டினார் என்றால், என் கம்பியில். அதைப் பார்த்த மீன்காரப் பெண்மணி ஒருத்தி தன் கூடையையும் அதில் மாட்டினாள். "செங்கப்பட்டு போற வண்டிதானே அண்ணாத்த? சந்தையில என் தங்கச்சி வாங்கிக்குவா." இன்னொருத்தி வலப் பக்கத்துக் கம்பியில் நண்டுப் பையைக் கட்டினாள். கால் காக்கும் கம்பியை அரை நாழிகையில் மீன் வண்டியாக்கிவிட்டார்கள். நான் கத்தினேன். ஏகாம்பரம், "தெரிஞ்சவங்க மச்சான்" என்றார். அந்த ஊரில் அவருக்குத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

அந்த ஊர்ப் பழைய கோட்டைச் சுவர் ஓரம் சாலையில் ஏறி நின்ற மணலில், நான் பயந்தபடியே சறுக்கினோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தது பாதியிலேயே நின்றது. கம்பி தரையில் ஊன்றிக்கொண்டு நிற்க, ஏகாம்பரத்தின் கால் பூப்போல வெளியே வந்தது. நான் பின்னாலிருந்து காலை அகட்டிக் குதித்துவிட்டேன். சாலை முழுக்க மீன். இரண்டு பேரும் மீன் பொறுக்கினோம். எனக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மாப்பிள்ளை? பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பொறுக்கினேன். அவர் சிரித்தார், ஆனால் சந்தோஷம் இல்லை. அப்போதே கேட்டிருக்க வேண்டும். எனக்குத்தான் வெற்றி மயக்கமாயிற்றே.

வீட்டுக்கு வந்து நடந்ததை மாமியாரிடம் அளந்தேன். கேட்டுவிட்டு, "சரி தம்பி. மணலுக்கு ஆச்சு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று செல்லமும் நானும் பஸ்ஸில் மாமல்லபுரம் புறப்பட்டோம். ஏகாம்பரம் தன் வேலையை முடித்துக்கொண்டு வண்டியில் வந்து சேர்வதாக ஏற்பாடு. பஸ் திருக்கழுக்குன்றம் குளக்கரையில் புகை கக்கி நின்றது. நடத்துனர் தகர டின்னோடு குளத்தில் இறங்கினார். ஈப்போவாக இருந்தால் இதற்குள் வேறு பஸ் வந்திருக்கும். ஆனால் அங்கே இப்படி நிற்கும் பஸ்ஸை நுங்கு விற்பவர்கள் சூழ்ந்துகொள்ள மாட்டார்கள். நுங்குத் தண்ணீர் முழங்கை வரை வழிய வழியச் சாப்பிட்டோம்.

எங்கள் முன் வரிசையில் ஒரு தெலுங்குத் தம்பதி, மலைமேல் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்த்துவிட்டு ஏறினவர்கள். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் பழகிய தெலுங்கு எனக்குப் புரியும். மனைவி சொன்னாள்: "இந்த ஊரில் கழுகுக்குக்கூட நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது." கணவர் தன் கையிலிருந்த நுங்கை அவளிடம் கொடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். உள்ளே பெண்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம். செல்லம் வாசல் தூணில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு பெண் ஏழாம் வாய்ப்பாட்டில் தப்புச் செய்ய, இவள் இங்கிருந்தே முணுமுணுத்துத் திருத்தினாள். இந்தப் பெண்ணுக்கு இந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்று பட்டது.

கடற்கரைக்குப் போனோம். சுண்டல் வாங்கிக் கோயில் ஓரம் உட்கார்ந்தோம். காற்று சுண்டலில் பாதியை வாங்கிக்கொண்டது. நான் மறுபடியும் என் கம்பியின் பெருமையை ஆரம்பித்தேன். நேற்று எப்படித் தாங்கியது, மாப்பிள்ளை கால் எப்படித் தப்பியது, மணல் எவ்வளவு இருந்தாலும் இனிப் பயமில்லை என்று.

"மணல் இல்லண்ணே" என்றாள் செல்லம்.

"எது?"

"நாங்க விழுந்தது மணலால இல்ல. என் முந்தானை காத்துல பறந்து பின்சக்கரத்துல மாட்டிகிச்சு. சங்கிலி இழுத்துது. நான் விழுந்தேன், என்னோட வண்டியும் விழுந்துது."

சுண்டல் என் கையிலேயே நின்றுவிட்டது. விரிப்பில் இருந்த அந்தக் கறுப்புக் கறை. விளக்குக் கரியாவது, மண்ணாவது. சங்கிலி மசகு. ஆயுளெல்லாம் என் கையில் படிந்திருக்கிற கறையையே எனக்கு அடையாளம் தெரியாமல் அதன் மேல் இரண்டு ராத்திரி படுத்திருக்கிறேன்.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"புடவை மாட்டிச்சுன்னு சொன்னா அத்தை இன்னா சொல்லுவாங்க? பொம்பளைக்கு இன்னாத்துக்கு வண்டி, புடவை கட்டறவ வூட்டுல இருன்னு சொல்லுவாங்க. மணல்னா யார் மேலயும் தப்பு இல்ல. இவருதான் மணல்னு சொல்லிட்டாரு. அப்பால அதையே புடிச்சிகினோம். வூட்டுல அவங்க காதுல விழாம உனுக்கு எங்க சொல்றது?"

அதற்குள் ஏகாம்பரம் வந்து வண்டியை நிறுத்தினார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "சொல்ட்டியா?" என்று அவளைக் கேட்டார். என்னிடம், "மச்சான், நேத்து நீங்க அவ்ளோ சந்தோசமா மீன் பொறுக்கினீங்க, எனுக்கு வாய் வர்ல" என்றார்.

இரண்டு பேரையும் திட்டினேன். கடல் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது. திட்டித் தீர்ந்ததும்தான் யோசித்தேன். ஈப்போவில் பின்னால் உட்காரும் பெண்கள் சிலுவார் என்கிற கால்சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்துக்கு ஒரு காலாகப் போட்டு உட்காருவார்கள். நம் பெண்களோ ஒருக்களித்து உட்காருகிறார்கள். இரண்டு காலும் இடப் பக்கம், முந்தானையும் இடப் பக்கம், இந்த வண்டியின் சங்கிலியும் அதே இடப் பக்கம். நான் கொண்டுவந்த கம்பி முழுவதும் ஏகாம்பரத்தின் முழங்காலுக்கு. என் தங்கைக்கென்று அதில் ஒரு அங்குலம் இல்லை. தொழில் தெரிந்தவன் என்று மார் தட்டினவனுக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர்களிடமும் சொன்னேன்.

"சரி, என்ன வேணும்னு நீயே சொல்லு" என்றேன் செல்லத்திடம்.

அவள் நின்றிருந்த வண்டியில் ஏறி ஒருக்களித்து உட்கார்ந்தாள். முந்தானையைக் காற்றில் விட்டாள். அது எங்கெங்கே போய் விழுகிறது என்று காட்டினாள். "இங்கேர்ந்து இங்க வரைக்கும் சன்னல் மாதிரி கம்பி அடைக்கணும். துணி நுனி உள்ள போவக் கூடாது. கால் தொங்கக் கூடாது, ரெண்டு காலும் வெக்க ஒரு பலகை வேணும்." இதைப் போல ஒரு சாமான் எங்கள் கடையில் கிடையாது.

மறுநாள், செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் காதர் பாயிடம் போனோம். பாய் வாயில் வெற்றிலையோடு, "மூணு கம்பி வெச்சா போதும்" என்றார். செல்லம் தன் முந்தானை நுனியை இரண்டு கம்பிக்கு நடுவே நுழைத்துக் காட்டினாள். "நாலு" என்றார். மறுபடியும் நுழைத்தாள். "இன்னாம்மா பேஜாரு, ஜெயிலா கட்டறது?" என்று கேட்டார். ஆமாம், சக்கரத்துக்கு ஜெயில்தான் என்றாள். கடைசியில் ஏழு கம்பிக்கு ஒத்துக்கொண்டார்.

சன்னல் கம்பி அவரிடம் இருந்தது. ஆனால் அதையெல்லாம் பிடித்து நிறுத்த வளைந்த கெட்டிக் குழாய் ஒன்று வேண்டும். பட்டறையில் இல்லை. மெட்ராஸ் போய்த்தான் வாங்க வேண்டும் என்றார். விடிந்தால் ஞாயிறு, கடை கிடையாது. அதற்கடுத்த நாள் திங்கள்.

ஏகாம்பரம் வண்டியின் வலப் பக்கம் போய், என் லெக் கார்டைத் தட்டினார். "இத்த கழட்டு பாய். இத்த அறுத்துப் போடு" என்றார்.

"மாப்பிள்ளை, வலப்பக்கம் விழுந்தா உங்க கால்?" என்றேன்.

"நான் ஓட்டறவன். வண்டி எங்க சாயுதுன்னு எனுக்குத் தெரியும். பின்னால ஒக்காந்துகினு கீறவளுக்கு இன்னா தெரியும்? நீ அறு பாய்."

செல்லம் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கடல் தாண்டி வந்த என் குழாயில் ரம்பம் விழுந்தபோது எனக்கு வலிக்கும் என்று நினைத்தேன். வலிக்கவில்லை. வாங்கின நாளிலிருந்து அந்தக் குழாய்க்கு அன்றுதான் சரியான வேலை கிடைத்தது என்று தோன்றியது.

ஞாயிறு முழுவதும் புதுக் கம்பிக்கு அடித்த பெயிண்ட் காய்ந்தது. தலைக்கவசத்தைத் தேடினேன்; மாமியார் அதில் எருமைக்குப் பருத்திக்கொட்டை ஊற வைத்திருந்தார். கேட்கத் தைரியம் வரவில்லை. வண்டியை மட்டும் வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்தி, சாக்குப் போட்டு மூடி வைத்தோம். புதுக் கம்பியைக் காட்டினால் எதற்கு என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விடிந்தது. நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் செல்லம், கையில் டிபன் பாத்திரம். ஏகாம்பரம் வண்டியை உதைத்துக் கிளப்பினார். இனி மறைக்க வழியில்லை. மாமியார் கொட்டகையிலிருந்து வந்தார். நேரே பின்சக்கரத்துக்குப் போனார். ஏழு கம்பியையும் விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். காலுக்குப் போட்ட பலகையை அழுத்திப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு தம்பி?" என்றார் என்னிடம்.

செல்லம் என்னைப் பார்த்தாள். ஏகாம்பரம் பெட்ரோல் டாங்கியைப் பார்த்தார்.

"மணலுக்கு, அத்தை" என்றேன்.

"ஓ" என்றார். செல்லத்தின் கையிலிருந்த டிபன் பாத்திரத்தை வாங்கி முன்கம்பியில் மாட்டினார். தொங்கிக்கொண்டிருந்த முந்தானையை இழுத்து, இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, அழுத்திச் சொருகினார்.

"ஏறி ஒக்காரு. இத்த அவுக்காத" என்றார். "போன தபா மணலு பச்சைப் புடவைய மசகோட துன்னுச்சு. தொவைச்சுத் தொவைச்சு என் கைதான் போச்சு. இது புதுப் புடவை."

வண்டி போய்விட்டது. மூன்று பேரும் எவ்வளவு ஜாக்கிரதையாக மறைத்தோம் என்று நினைத்துக்கொண்டே நான் தெருவில் நின்றேன்.

"மின்னாடி மட்டும்தானான்னு அன்னிக்கே உன்னக் கேட்டேன்" என்றார் அந்த அம்மாள். "உள்ள வா, நாஸ்தா ஆறுது."